நாற்பது தக்காளி, நாலு மாடி

போன வாரம் சித்தி ஜன்னலுக்குத் திரை வாங்கிவந்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சோப்புக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கியிருந்த கவரைப் பிரித்து, மஞ்சள் பூப்போட்ட திரை ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, அக்கா மகள் வந்து மெச்சப்போகிறாள் என்று வாசலிலேயே காத்து நின்றாள் அந்த மகராசி. அக்கா மகள் மெச்சவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

அவளை வீட்டில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டம் கைக்கு வர இன்னும் நாளாகும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் தக்காளியை வாடாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைதான் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஜீவாதாரம். கூடவே தங்கியிருக்கும் தம்பி வேன் ஓட்டுகிறான். அவன் சம்பளம் அப்படியே அப்பா அம்மாவுக்குப் போய்விடும். இருபது வருஷம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த சித்தி, தியேட்டருக்குப் பூட்டுப் போட்டதும் மூன்று பெட்டியோடு இங்கே வந்து இறங்கிவிட்டாள்.

ஒரு மாணவியின் பணத்தில் மூன்று வயிறு. டாக்டர் அதைக் கயிற்றில் நடக்கிற மாதிரி சமாளித்துக்கொண்டிருந்தாள். காய்கறிக்கடைக்குக் கடை மூடும் நேரத்தில்தான் போவாள். இரண்டு ஸ்டாப் தூரம் என்றால் நடைதான். புதன்கிழமை பணப்பைக்கு விடுமுறை. அன்றைக்கு யாரும் ஒரு காசு வெளியே எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை முடிந்த தக்காளியை ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். குப்பைக்குப் போகவேண்டியது குழிக்கரண்டிக்கு வரும். தக்காளி சூப், தக்காளி போட்ட முட்டை, தக்காளி ஜாம் என்று தின்று தின்று தம்பியின் கன்னமே சிவந்துவிட்டது என்று சித்தி கேலி செய்வாள்.

இந்தப் புதன்கிழமை காலையில் தம்பி கொண்டுவந்து இறக்கிய பெட்டியைப் பார்த்ததும் சித்தி வாயைப் பிளந்தாள்.

"என்னடா இது! எப்பவும் பாட்டி முகம் மாதிரி சுருங்கிப்போனதைத்தானே கொண்டுவருவே? இது கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு!"

"அக்கா கிளாஸ்ல இருந்தா சித்தி. கதவுகிட்ட இருக்கற பெட்டியை எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருந்தா. எடுத்துட்டு வந்துட்டேன். நான் வர்றேன், லேட்டாயிடுச்சு."

தம்பி ஓடிவிட்டான். சித்தி ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றின் தலையிலும் காம்புக்குப் பக்கத்தில் சின்னச் சீட்டில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. ஏதோ பல்கலைக்கழகத்துக்காரர்களின் சடங்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று பேர் நாற்பது தக்காளியைத் தின்ன முடியுமா? வீட்டுக்கு ஒரு டஜன் தாராளம். மிச்சம்?

சித்திக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. வந்த நாளிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஆளாளுக்கு அவளுக்கு ஏதோ செய்திருந்தார்கள். பெட்டிகளை மேலே தூக்கிவந்தது சலவைக்கடைக்காரர். மாத்திரை கொடுத்தது முதல் மாடி நர்ஸ்கள். பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் அவளுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. திரை விவகாரத்துக்குப் பிறகு டாக்டரின் அனுமதி இல்லாமல் ஒரு காசு செலவழிப்பதில்லை என்று சத்தியமே செய்திருந்தாள். ஆனால் இதற்குக் காசு எங்கே? புதன்கிழமைக்கே பங்கம் வராத தர்மம் இது!

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியோடு கிளம்பினாள். திரும்பி வந்தபோது அவளுடைய கால் தரையில் பாவவில்லை. எத்தனை நாளாயிற்று, நாலு பேர் அவளைப் பார்த்துச் சிரித்து, கைநீட்டி எதையாவது வாங்கிக்கொண்டு!

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சித்தி, தம்பி கொண்டுவந்த பெட்டி எங்க இருக்கு?" டாக்டரின் குரல் கம்மியிருந்தது.

"இங்கதான் இருக்கு. பெட்டி காலி."

"காலியா? காலின்னா?"

"எல்லாருக்கும் கொடுத்துட்டேன். ஒரு பைசா செலவில்ல!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சித்தி போனை ஆட்டிப் பார்த்தாள்.

"சித்தி," என்றாள் டாக்டர் மெதுவாக, "அது முடிஞ்ச பெட்டி இல்ல. நடந்துட்டிருக்கற சோதனை. ஆரஞ்சுத் தோல்ல இருந்து எடுத்த பூச்சு தடவி, ஒவ்வொண்ணையும் எடைபோட்டுட்டு வர்றேன். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி எடை. அதை வெச்சுத்தான் எனக்கு உதவித்தொகையை அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பாங்க. குறைஞ்சது முப்பது பழமாவது முழுசா வேணும்."

சித்தி திரும்பினாள். அடுப்பிலிருந்த சூப்பைப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டென்று அணைத்தாள், அணைத்து என்ன பிரயோஜனம்!

உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வாடகை நிற்கும். அப்புறம் இந்த வீட்டில் அதிகப்படியாக இருக்கிற வயிறு எது என்ற கேள்வி வரும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவளாகவே பெட்டியைக் கட்டவேண்டியதுதான். தியேட்டருக்குப் பின்னால் அவள் இருந்த அந்த ஒற்றை ரூமை நினைத்ததும் போனை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ உடனே வா," என்றாள். "தம்பியை வேனை எடுத்துட்டு வரச் சொல்லு. அப்புறம் இன்னொண்ணு. அந்தச் சுருங்கின பெட்டி அங்கதானே இருக்கு? அதையும் எடுத்துட்டு வா."

"அது எதுக்கு சித்தி இப்ப?"

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கப் போறோம்டி. வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறது?"

அக்காவும் தம்பியும் வந்து சேர்ந்தபோது மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. படியேறி வரும்போதே சண்டை.

"கதவுகிட்ட ரெண்டு பெட்டி இருந்துச்சுக்கா! நான் என்ன பண்ணுவேன்?"

"ரெண்டு இருந்தா போன் பண்ணிக் கேக்கறதுதானே? வாடினது எது, நல்லது எதுன்னு பார்த்தா தெரியாதா?"

"ரெண்டுக்கும் மூடி போட்டிருந்துச்சு. நீதானே சொல்லிக்கொடுத்தே! கடையில ஒரே விலையில ரெண்டு இருந்தா, ரெண்டையும் தூக்கிப் பாரு, கனமானதை எடுன்னு. தூக்கிப் பார்த்தேன். கனமானதை எடுத்தேன்!"

டாக்டர் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன.

"அடப்பாவி," என்றாள். "பூச்சு வேலை செஞ்சா தண்ணி வத்தாது. தண்ணி வத்தலைன்னா எடை குறையாது. நான் மாசக்கணக்கா மெஷின் வெச்சு அளந்ததை நீ ஒரு கையால தூக்கிப் பார்த்துச் சொல்லிட்டே. என்னையே சொல்லணும்."

சித்தி வாசலில் தலைகுனிந்து நின்றிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு விழவில்லை.

"யார் யாருக்குக் கொடுத்தீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்காவா? நம்பர் போட்ட சீட்டைக் கலைச்சுக் கொடுத்தா என் கை கூசும்டி. வரிசையா ஒட்டுக்காத்தான் கொடுத்தேன். ஒண்ணுல இருந்து பன்னெண்டு நம்ம வீடு. அடுத்தது சலவைக்கடை. அப்புறம் நர்ஸுங்க. அப்புறம் நாலாவது மாடி பாட்டு டீச்சர். கடைசில இரண்டாவது மாடி ஓவியர்."

"தியேட்டர்ல குடும்பத்தைப் பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்கார வெக்கற மாதிரியா?" என்றான் தம்பி.

"வேற எப்படி?"

வீட்டில் இருந்த பன்னிரண்டில் இரண்டு சூப்பாகிவிட்டிருந்தன. பத்து தேறியது. சித்தி அந்தச் சூப்பைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலேயே கதையைக் கேட்டார். "ஒண்ணை அப்பவே உப்பு தொட்டுத் தின்னுட்டேனே! ருசியா இருந்துச்சு. அதையும் எழுதிக்குங்க." மிச்சம் ஐந்தைத் துண்டில் வைத்து மரியாதையாகக் கொடுத்தார். பதிலுக்குச் சித்தி கொடுத்த சுருங்கிய பழங்களை வாங்கிப் பார்த்து, "இதுக்கு ஒரு இஸ்திரி போட்டாத் தேவலை," என்றார்.

முதல் மாடியில்தான் இடி விழுந்தது. இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ்களில் ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ஆறும் பத்திரமாக இருந்தன. ஃப்ரிட்ஜில்.

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "குளிர்ல வெச்சது செல்லாது. ஆறும் போச்சு."

"ஐயோ, நல்லா இருக்கட்டுமேன்னுதான் உள்ள வெச்சேன்," என்றாள் அந்தப் பெண் பதறிப்போய்.

"உன் மேல தப்பில்லம்மா, நீ போய்த் தூங்கு," என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

நாலாவது மாடி பாட்டு டீச்சர் ஒரு மாணவிக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, பாட்டை நிறுத்தாமல், விஷயத்தைக் கேட்டுக் கண்ணாலேயே சமையலறையைக் காட்டினாள். ஏழும் கூடையில் அப்படியே இருந்தன. தம்பி அவற்றை நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தான்.

படியில் நின்று டாக்டர் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு கைக்கு வந்திருந்தது. ஓவியரிடம் எட்டு. ஒன்றுகூடக் குறையக் கூடாது.

"அவர் தனி ஆள்தானே? எட்டையும் ஒரே நாள்ல சாப்பிட்டிருக்க மாட்டாரு," என்றான் தம்பி.

"அவர் சாப்பிடவே மாட்டார்டா, பெயின்ட் வாங்கவே அவருக்குக் காசு பத்தாது," என்றாள் சித்தி. அதைச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் பசிக்குத் தின்றிருப்பாரோ என்று அவளே பயந்தாள்.

ஓவியரின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேஜை. மேஜைமேல் நெளிந்த அலுமினியக் கிண்ணம். கிண்ணத்திலும் சுற்றிலுமாக எட்டுத் தக்காளி, ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எதிரே பலகையில் பாதிப் படம்.

"அசையாதீங்க!" என்றார் ஓவியர் திரும்பாமலே. "வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும். அதுக்குள்ள முடிச்சாகணும்."

"சார், அந்தத் தக்காளி..." என்று ஆரம்பித்தாள் டாக்டர்.

"அருமையான தக்காளி. உங்க சித்தி கொடுத்தாங்க. பழம் வாங்க வக்கில்லாம பல மாசமா வெறும் பாட்டிலையே வரைஞ்சிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் கலர்னு ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு."

டாக்டர் நடந்ததைச் சொன்னாள். ஓவியர் தூரிகையை வைத்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார். பாவம், நல்ல மனுஷர். அவர் படும் வேதனை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா இதை இப்ப எடுத்தா என் படம் போச்சு. எனக்கும் இது ஒரு... என்ன சொல்றது... உங்களுக்கு அது சோதனைன்னா எனக்கும் இது சோதனைதான்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தது. இரண்டு பேர் பையிலும் காசில்லை. இரண்டு பேருக்கும் அதே எட்டுத் தக்காளி வேண்டும். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான்.

சித்தி முன்னால் வந்தாள். பெட்டியிலிருந்து சுருங்கிப்போன தக்காளிகளை எடுத்து, மேஜையின் மறுகோடியில் வெள்ளைத் துணிமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். சாய்ந்தது ஒன்று, நிமிர்ந்தது ஒன்று, தோல் மடிந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது ஒன்று.

"அதுங்க எல்லாம் போட்டோவுக்கு நிக்கற மாதிரி இருக்கு சார்," என்றாள். "எல்லாத்துக்கும் ஒரே முகம். இதைப் பாருங்க. இது கோவிச்சுக்கிட்டு நிக்குது. இது பக்கத்துல இருக்கறதுகிட்ட வம்பு பேசுது. தியேட்டர்ல இடைவேளை விட்டா வெளிய வர்ற கூட்டமே இப்படித்தான் இருக்கும். இருபது வருஷம் பார்த்திருக்கேன்."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஓவியர் கிட்டே வந்து குனிந்தார். ஒன்றை எடுத்து லேசாகத் திருப்பி வைத்தார். இன்னொன்றை அதன் தோள்மேல் சாய்த்தார். பிறகு பாதி வரைந்த தாளை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் புதிய தாளைப் பலகையில் குத்தினார்.

"இந்தக் கோவிச்சுக்கிட்டு நிக்கறதை நடுவுல வைங்கம்மா," என்றார். "உங்க எட்டையும் எடுத்துக்குங்க. சீக்கிரம் எடுங்க, நிழல் விழுது."

தம்பி சந்தோஷத்தில் கத்தியே விட்டான். டாக்டர் சித்தியின் கையை அழுத்திப் பிடித்தாள். மெலிந்த கைதான், ஆனால் பிடி வலித்தது. சித்திக்கு அந்த வலி இனித்தது.

வேனில் முப்பது தக்காளியும் சித்தியின் மடியில் இருந்தன. வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், மெதுவாப் போடா!"

"மெதுவாப் போனா ஆறு மணி ஆயிடும் சித்தி!"

"அப்ப வேகமாப் போ, ஆனா மெதுவாப் போ!"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"நான் பேசாம இருந்த ரெண்டு நாளும் நீங்க சரியாவே சாப்பிடலைன்னு தம்பி சொன்னான். சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டீங்களாமே. நெஜமா?"

சித்தி பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

"நெஜமா சித்தி?"

"பசிக்கலடி. அப்புறம்... செலவு வேற."

"நான் காசைப் பார்த்துப் பார்த்து வெக்கறது நம்ம மூணு பேருக்கும் பத்தணும்னுதான். உங்களைக் குறைக்கறதுக்கு இல்ல." டாக்டரின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க வந்தப்புறம்தான் வீட்டுக்குப் போகணும்னே எனக்குத் தோணுது. அதுக்கு முன்னாடி அது தூங்கற இடம், அவ்வளவுதான். இனிமே வயித்துல கை வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தக்காளியின் மேல் ஒரு சொட்டு விழப்போனதைப் பார்த்து அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடை ஏறிவிட்டால்?

ஆய்வகத்தில் வழிகாட்டிப் பேராசிரியை ஏற்கெனவே வந்து தராசின் பக்கத்தில் நின்றிருந்தாள். உயரமான பெண்மணி. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு மூவரையும் பார்த்தாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பெட்டி மாறியது, நாலு மாடி சுற்றியது, சலவைக்கடை, ஃப்ரிட்ஜ், ஓவியர் மேஜை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சித்தி குறுக்கே புகுந்து, "தப்பு என்னுதும்மா, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள்.

பேராசிரியை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உன் ஆராய்ச்சித் தலைப்பு என்ன?" என்றாள்.

"வீட்டுச் சூழல்ல... ஃப்ரிட்ஜ் இல்லாம... தக்காளி..." டாக்டருக்குக் குரல் தேய்ந்தது.

"அப்புறம் என்ன? நாலு வீட்டுச் சூழலைப் பார்த்துட்டு வந்திருக்கு. நடந்தது நடந்தபடி எழுது. எடையைப் போடு."

ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின. டாக்டர் எண்களைப் படிக்க, பேராசிரியை முந்தைய எடையைப் பார்த்துத் தலையாட்டினாள். பத்தாவது பழத்தில் அவள் உதடு லேசாக விரிந்தது. இருபதாவதில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள். முப்பதாவது முடிந்ததும் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"எடை அசையவே இல்லையே," என்றாள். "நாளைக்குக் கமிட்டிகிட்ட நானே பேசறேன். நீட்டிப்பு பத்தி நீ கவலைப்பட வேண்டாம்."

தம்பி சித்தியைத் தூக்கியே விட்டான். "விடுடா, இடுப்பு!" என்று அலறிக்கொண்டே அவளும் சிரித்தாள். டாக்டர் மேஜையில் தலையை வைத்துக் குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"சரி, வராத பத்தையும் முடிச்சுடு," என்றாள் பேராசிரியை. "ஒவ்வொண்ணும் என்ன ஆச்சுன்னு எழுது."

சமைத்தது இரண்டு. தின்றது ஒன்று. குளிரில் வைத்தது ஆறு. டாக்டர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"நாற்பதாம் நம்பர் எங்க சித்தி? ஓவியர்கிட்ட எட்டுதானே, முப்பத்தொன்பதோட முடியுது?"

சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அதைச் சொல்லவே மறந்துட்டேன். கைல ஒண்ணு மிஞ்சியிருந்தது. படியில ஒரு தம்பி நின்னுட்டிருந்தார். இந்தக் கட்டடத்துல பார்த்த முகமா இல்ல. பாவம், வேர்த்து விறுவிறுத்து நின்னாரேன்னு கொடுத்துட்டேன்."

"யாரையாவது தேடி வந்தாரா?"

"ஒண்ணும் சொல்லல. தக்காளியைத் திருப்பிப் பார்த்தார். நம்பரைப் பார்த்ததும் சிரிச்சார். 'இன்னும் எல்லாத்துக்கும் நம்பர் போட்டுக்கிட்டுதான் இருக்காளா'ன்னார்."

டாக்டரின் பேனா தாளின் மேலேயே நின்றது.

"கண்ணாடி போட்டிருந்தாரா?" என்றாள். "ஒரு பக்கம் உடைஞ்சு டேப் ஒட்டின கண்ணாடி?"

"ஆமாண்டி! எப்படித் தெரியும்?"

டாக்டர் தாளின் மேல் குனிந்துகொண்டாள். காது நுனிவரை சிவந்திருந்தது. தம்பி எதையோ கேட்க வாயெடுத்தான்; சித்தி அவன் காலை மிதித்தாள்.

"நாளைக்கு வந்து திருப்பிக் கொடுத்துடறேன்னு சொன்னார்," என்றாள் சித்தி. "கொடுத்ததை எதுக்குப்பா திருப்பிக் கொடுக்கணும்னு நான்கூடக் கேட்டேன். அதுக்கும் சிரிச்சார்."

பேராசிரியை கைக்கடிகாரத்தைத் தட்டினாள். "நாற்பதுக்கு என்ன எழுதறே? போச்சுன்னு எழுதிடு."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்பதுக்கு எதிரே எதையும் எழுதாமல் பேனாவை மூடினாள்.